அண்ணி தைத்த முட்டி உறை

என் அண்ணி புதிதாக யாரைப் பார்த்தாலும் முகத்தைப் பார்க்க மாட்டாள், இடுப்பைத்தான் பார்ப்பாள். தெருவில் ஒரு குழந்தை கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடினால் போதும். நிறுத்தி, பட்டையை இரண்டு விரலால் இழுத்து விட்டுப் பார்த்து, "எலாஸ்டிக் செத்துப்போச்சு. அம்மாகிட்ட குடுத்தனுப்பச் சொல்லு, மாத்தித் தர்றேன்" என்பாள். குழந்தை நெளியும். பக்கத்தில் நிற்கும் எனக்கு மானம் போகும். உறவில்தான் அவள் எனக்குப் பெரியவள், வயதில் என்னைவிடச் சின்னவள். ஆனாலும் எலாஸ்டிக் பேச்சு என்று வந்துவிட்டால் என்னைப் போன்ற வாய் நீளமானவளும் அவளுக்கு முன்னால் அடங்கித்தான் போக வேண்டும்.

அவள் வேலை செய்தது பெண்களின் உள்ளாடை தைக்கும் கம்பெனியில். எங்கள் அம்மா உயிரோடு இருந்தவரை அதை வெளியில் "ஏற்றுமதி கம்பெனி" என்றுதான் சொல்லுவாள். என்ன ஏற்றுமதி என்று அடுத்த கேள்வி வந்துவிடப் போகிறதே என்று உடனே பேச்சையும் மாற்றிவிடுவாள். மருமகளுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. "பிரா தைக்கிறேங்க. ஏன், உங்க வீட்ல யாரும் போடறதில்லையா?" என்று வீட்டுக்கு வந்த ஒரு பெரிய மனிதரிடமே கேட்டிருக்கிறாள். அவர் அதற்குப் பிறகு வரவில்லை.

கம்பெனியில் ஒவ்வொருத்திக்கும் ஒரே ஒரு வேலைதான். ஒருத்தி கப்பை இணைப்பாள், ஒருத்தி தோள்பட்டையை வைப்பாள், துணி கை மாறிக்கொண்டே போகும். அண்ணியிடம் வரும்போது எலாஸ்டிக்கும் ஹூக்குப் பட்டையும்தான் பாக்கி இருக்கும். முதுகுப்புறம் ஹூக்கு மாட்ட மூன்று வரிசை வளையம் வைப்பார்கள். புதிதாக இருக்கும்போது வெளிப்பக்கத்துக் கடைசி வரிசையில் மாட்ட வேண்டும். எலாஸ்டிக் தளரத் தளர நடு வரிசை, பிறகு உள் வரிசை. பாதிப் பெண்களுக்கு இது தெரியாது என்று அண்ணி ஆதங்கப்படுவாள். அவளைப் பொறுத்தவரை உலகத்தில் ஒரு பொருள் தொளதொளத்துப் போனால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும்.

என் அண்ணன் குடிநீர்த் தொட்டியில் பம்பு ஆபரேட்டர். ஆள் நல்ல உயரம், எல்லாரும் "ஏணி" என்றுதான் கூப்பிடுவார்கள். சாயங்காலம் வேலை முடிந்தால் தொட்டிக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் வாலிபால். சின்ன வயதில் ஆரம்பித்தது, நாற்பதைத் தாண்டியும் விடவில்லை. வலைக்கு மேலே எழும்பி அவன் ஒரு அடி அடித்தால் எதிரணிக்காரன் கையை எடுத்துக்கொள்வான். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அந்தக் குறையை இருவரும் பேசி நான் கேட்டதில்லை. அண்ணி கம்பெனியிலிருந்து வரும் வழியில் மைதானத்து ஓரம் நின்று கொஞ்ச நேரம் பார்ப்பாள். ஆட்டம் முடிந்ததும் இருவரும் சேர்ந்து நடந்து வீட்டுக்கு வருவார்கள். அவர்களுடைய சந்தோஷம் அவ்வளவுதான். அது போதும் என்றுதான் இருந்தார்கள்.

அப்போதுதான் அவனுக்கு வலது முட்டியில் வலி வந்தது. முட்டிச்சில்லுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தினால் ஆள் துள்ளுவான். படி இறங்கினால் வலி, குந்தினால் வலி, குதித்து இறங்கினால் உயிர் போகும். டாக்டர் பார்த்துவிட்டு, குதிக்கிறவர்களுக்கு வருவதுதான், சில்லையும் கீழ் எலும்பையும் இணைக்கிற தசைநாண் நைந்திருக்கிறது, கொஞ்ச நாள் ஓய்வு கொடுங்கள், விளையாடும்போது முட்டிக்கு உறை போடுங்கள் என்றார். ஓய்வு என்ற வார்த்தை அண்ணன் காதில் விழவே இல்லை. கடையில் ரப்பர் உறை வாங்கி மாட்டினான். மூன்றாம் நாள் தோலெல்லாம் சிவந்து கொப்புளம். வேறு கடை, வேறு உறை, அதே கொப்புளம். கடைசியில் விளையாட்டை நிறுத்திவிட்டு மைதானத்து ஓரத்தில் அண்ணியோடு நின்று வேடிக்கை பார்த்தான்.

அந்த நாட்களில் அவர்கள் வீட்டுக்குப் போகவே எனக்குப் பிடிக்காது. டிவி ஓடும், அண்ணன் அதைப் பார்க்க மாட்டான். கேட்டதற்கு "ம்" என்பான். அண்ணி தட்டை வைத்தால் சாப்பிடுவான், எடுத்தால் எழுந்துவிடுவான்.

"இந்த மனுஷன் குதிக்கலைன்னா எனக்கு வீட்ல வெளிச்சமே இல்லாத மாதிரி இருக்கு" என்றாள் அண்ணி என்னிடம். "இரு, நானே தைக்கிறேன்."

"அண்ணி, அது மருத்துவச் சமாசாரம். நீங்க தைக்கிறது வேற" என்றேன்.

"என்ன வேற? ஒரு பாரத்தைத் தாங்கணும், அசையவும் விடணும், தோலைப் புண்ணாக்கக் கூடாது. இருபது வருஷமா அதைத்தானே தைக்கிறேன்!"

சூப்பர்வைசரிடம் கேட்டு, கழித்துப் போட்ட வலைத்துணியும் எலாஸ்டிக்கும் கொண்டுவந்தாள். அண்ணனைக் கட்டிலில் உட்கார வைத்து, காலை நீட்டி ஒரு முறை, மடக்கி ஒரு முறை, டேப்பைப் பிடித்து அளந்தாள். முட்டிக்கு மேலே, முட்டியில், முட்டிக்குக் கீழே. அந்த அளவில் மாதிரிக்கு ஓர் அட்டையை வெட்டி, கம்பெனியில் செய்வதுபோல ஓட்டை போட்டு ஆணியில் மாட்டினாள். முதலில் தைத்தது குழாய் போல இருந்தது. இரண்டு முறை குதித்ததும் கணுக்காலுக்கு இறங்கிவிட்டது. அடுத்ததில் மேல் விளிம்புக்குக் கெட்டி எலாஸ்டிக் வைத்தாள். அது தொடையைக் கவ்வி, கழற்றியபோது சிவப்பாக ஒரு வளையம் பதிந்திருந்தது. "ரத்தம் நின்னு போயிருந்தா என்னடி பண்றது" என்று தன்னையே திட்டிக்கொண்டு அதைப் பிரித்துப் போட்டாள். மூன்றாவதாகத்தான் அந்தப் புத்தி வந்தது. குழாயாக வேண்டாம், பக்கவாட்டில் திறக்கட்டும், ஹூக்குப் பட்டை வைப்போம் என்று முடிவு செய்தாள். உள்ளே தோலில் படுகிற இடமெல்லாம் பருத்தி. சில்லுக்கு வட்டமாக ஒரு திறப்பு. அதற்குக் கீழே, வலிக்கிற நாணின் மேல் அழுத்தம் கொடுக்க, கப்புக்குள் வைக்கும் ஃபோமை இறுக்கி உருட்டி ஒரு பட்டையில் வைத்துத் தைத்தாள்.

அதை மாட்டிக்கொண்டு அவன் மைதானத்துக்குப் போன அன்றைக்கு ஆட்டம் தொடங்கவே நேரமாயிற்று. ஆளாளுக்கு வந்து அண்ணன் முட்டியைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"ஏணி, என்ன சைஸ்டா இது?"

"இன்னொரு முட்டிக்கும் சேர்த்துப் போடுப்பா, இல்லைன்னா பார்க்க நல்லா இல்லை!"

அண்ணன் அசரவில்லை. "என் பொண்டாட்டி தைச்சது. உங்க சட்டைக்கு ஒரு பட்டன் தைச்சுத் தருவாங்களான்னு போய் உங்க வீட்ல கேட்டுட்டு வந்து பேசுங்கடா" என்றான். அண்ணி ஓரத்தில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவன் எழும்பி அடித்தான். இறங்கும்போது முகம் சுளிக்கவில்லை. நான் அங்கே இருந்தேன். அண்ணியின் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு தினமும் அண்ணிதான் மைதானத்தில் அவன் காலடியில் உட்கார்ந்து உறையை மாட்டுவாள், ஆட்டம் முடிந்ததும் அவளே கழற்றுவாள். வலி குறைந்துகொண்டே வந்தது. சில மாதத்தில் அண்ணன், "வலியே இல்லை. சுத்தமா இல்லை" என்றான். அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். மளிகைக் கடைக்காரர் தன் முட்டிக்கு ஒன்று கேட்டார், அவருக்கும் தைத்துக் கொடுத்தாள்.

இதற்கிடையில் உறை தளர ஆரம்பித்தது. கடைசி வரிசையில் மாட்டிக்கொண்டிருந்தவள் நடு வரிசைக்கு வந்தாள். அது நடப்பதுதானே? பிறகு உள் வரிசைக்கு வந்தாள். "கழிச்ச துணி, அவ்வளவுதான் உழைக்கும்" என்று சொல்லி, புது எலாஸ்டிக் கொண்டுவந்து, ஆணியில் தொங்கிய அட்டையை எடுத்து வைத்து இன்னொன்று தைத்தாள். அட்டை இருக்கும்போது திரும்ப அளப்பது அவர்கள் தொழிலில் இல்லை. அட்டை தப்பாகாது, தப்பு இருந்தால் அது துணியில்தான் இருக்கும்.

புது உறை முதல் நாளே நடு வரிசையில் வந்து நின்றது.

அதே சமயத்தில் அண்ணன் கால் செருப்பு நடக்கும்போது கழன்று கழன்று விழுந்தது. வலது கால் செருப்பு மட்டும். அண்ணி அதற்கும் பின்பக்கம் ஒரு எலாஸ்டிக் பட்டை வைத்துத் தைத்தாள். மைதானத்தில் அவன் முன்பு போல எழும்பவில்லை. வயசாகிவிட்டது என்று கூட்டாளிகள் சொன்னார்கள், அவனும் சிரித்துக்கொண்டே ஆமாம் என்றான். வலிதான் இல்லையே, பிறகென்ன என்று எல்லாரும் இருந்துவிட்டோம். முட்டியைப் பிடித்து இழுக்கத் தொடையில் பலம் இருந்தால்தான் அந்த நாண் வலிக்கும் என்பது எங்களில் யாருக்குத் தெரியும்?

புது உறையும் உள் வரிசைக்கு வந்தபோது அண்ணிக்குக் கோபம் தலைக்கேறியது. கம்பெனி ஸ்டோர்கீப்பரிடம் போய் மல்லுக்கு நின்றாள். மட்டமான எலாஸ்டிக் வாங்கிப் போடுகிறீர்கள், இதை நம்பி ஊரெல்லாம் பெண்கள் வாங்குகிறார்கள் என்று வாய்க்கு வந்தபடி பேசினாள். அவர் பொறுமைசாலி. அவள் கையிலிருந்த உறையையே வாங்கி, இழுத்துப் பார்க்கும் மெஷினில் மாட்டினார். எத்தனை முறை இழுத்தாலும் பழைய அளவுக்கே திரும்பி வந்தது.

"எலாஸ்டிக் நல்லாத்தான் இருக்கும்மா. நீயே பாரு" என்றார்.

அண்ணி பார்த்தாள். மெஷினை நம்பவில்லை. தானே கட்டைவிரல்களுக்கு நடுவில் இழுத்துப் பார்த்தாள். விரல் பொய் சொல்லவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். அண்ணி உள்ளே வந்தாள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"இடது காலை நீட்டுங்க."

"வலதுலதானேடி வலி இருந்துச்சு?"

"நீட்டுங்கன்னா நீட்டுங்க."

உறையை இடது முட்டியில் சுற்றினாள். கடைசி வரிசையிலேயே இறுக்கமாகப் பிடித்தது. கழற்றி வலது முட்டியில் சுற்றினாள். உள் வரிசையில் மாட்டியும் துணிக்கும் தோலுக்கும் நடுவில் அவளுடைய இரண்டு விரல் போயிற்று. அவள் விரலை எடுக்கவில்லை. வேட்டியை மேலே ஒதுக்கி இரண்டு தொடையையும் பார்த்தாள். நானும் பார்த்தேன். இரண்டும் ஒரே ஆளுடைய தொடை என்று சொல்ல முடியாது.

"தினமும் இந்தக் காலைத் தொடறேன்" என்றாள் அண்ணி. "தினமும் தொட்டேனே!"

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஆஸ்பத்திரி. ஒரு டாக்டர் இன்னொருவரிடம் அனுப்பினார், அவர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஊசி குத்திப் பார்த்தார்கள், மின்சாரம் விட்டுப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு டாக்டரம்மா, வயதானவர், எங்கள் மூவரையும் உட்கார வைத்துச் சொன்னார். தசைகளுக்குப் போகிற நரம்புகள் ஒவ்வொன்றாக வேலையை நிறுத்தும் நோய். காலில் ஆரம்பித்திருக்கிறது, கைக்கு வரும், கழுத்துக்கு வரும், பேச்சுக்கும் மூச்சுக்கும் வரும். நிறுத்த மருந்து இல்லை. முட்டி வலி வேறு, இது வேறு. இரண்டும் ஒரே காலில் வந்தது தற்செயல்.

"முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா?" என்று கேட்டாள் அண்ணி.

"வந்திருந்தாலும் இதேதாம்மா. நீங்க எதையும் தவற விடலை."

அந்த அம்மா நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அண்ணிக்கு அது பயன்படவில்லை. தெரிந்திருந்தால் அந்த மாதங்களில் எலாஸ்டிக்கோடு சண்டை போட்டுக்கொண்டிருக்க மாட்டேன், அவரோடு இருந்திருப்பேன் என்று ஆயிரம் முறை சொல்லியிருக்கிறாள். நானும் ஆயிரம் முறை சமாதானம் சொல்லியிருக்கிறேன். ஒன்றும் ஏறவில்லை.

ஆனால் அவள் உட்கார்ந்து அழுகிற ஆள் இல்லை. வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே மெஷினைப் போட்டுக்கொண்டாள். கரண்டி பிடிக்க முடியாதபோது உள்ளங்கையில் கரண்டியைச் செருக ஒரு பட்டை தைத்தாள். தலை நிற்காதபோது கழுத்துக்கு ஒரு பட்டை. நாற்காலியிலிருந்து சரியாமலிருக்க மார்புக்கு ஒன்று. இப்போதெல்லாம் அட்டை வெட்டவில்லை, ஒவ்வொரு முறையும் உடம்பில் டேப் வைத்து அளந்தாள். போன முறையைவிட எவ்வளவு குறைந்தது என்று மனதுக்குள் கணக்குப் போடுவாள். வாயால் சொல்ல மாட்டாள். ஆனால் அண்ணன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு நாள், "போதும், அளக்காதே. டேப்பைப் பார்த்தாலே எனக்குப் பயமா இருக்கு" என்றான். அன்றிலிருந்து அவன் தூங்கும்போது அளந்தாள்.

கடைசிக் காலத்தில் அவன் பேச்சு குழறலாகிவிட்டது. எனக்கே பாதிதான் புரியும், அண்ணிக்கு முழுக்கப் புரியும். ஒரு மத்தியானம் அவனுக்கு மசித்த சாப்பாட்டை ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் ஓரம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவன் வாயைத் துடைக்கச் சொல்லிவிட்டுப் பேச ஆரம்பித்தான். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது. அவன் சொன்னதை அண்ணி திருப்பிச் சொல்லிச் சரிதானா என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

"கால் இளைக்கறது... உங்களுக்குத் தெரியுமா? முன்னாடியேவா?"

ஆமாம் என்று தலையை அசைத்தான்.

"குளிக்கும்போது பார்த்தீங்களா? எப்போ? ரெண்டாவது உறை தைச்சப்பவா?"

அதற்கும் முன்னால் என்றான். மறுபடி மூச்சு வாங்கினான். அண்ணி குனிந்து அவன் வாயருகே காதை வைத்தாள். அவன் சொன்னது எனக்கும் கேட்டது. "நீ எலாஸ்டிக்கைத் திட்டினே. கேக்க நல்லா இருந்துச்சு. எலாஸ்டிக்தான்னு நானும் நினைச்சுக்கிட்டேன்."

அண்ணி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு வந்தது கோபம். முகமே மாறிவிட்டது.

"என்னை முட்டாளாக்கி வேடிக்கை பார்த்தீங்களா? கம்பெனியில போய் நான் சண்டை போட்டேனே, அப்பவும் தெரியுமா? தனியா இதை வெச்சுக்கிட்டு இருந்தீங்களே, நான் எதுக்கு இருக்கேன் இந்த வீட்ல?"

எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். "அண்ணி, பயந்திருப்பான். உங்களுக்குத் தெரியாததா?" என்றேன். அவள் ஒரே பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே நின்றாள்.

அன்று முழுக்க அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. செய்ய வேண்டியது எதையும் விடவில்லை. புரட்டிப் படுக்க வைத்தாள், துடைத்தாள், துணி மாற்றினாள், சாப்பாடு ஊட்டினாள், மருந்து கொடுத்தாள். எல்லாம் வாய் திறக்காமல். அவன் கண்கள் மட்டும் அவள் போகும் பக்கமெல்லாம் போயின. எனக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் புருஷன் பெண்டாட்டி நடுவில் எவ்வளவுதான் மூக்கை நுழைப்பது? வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் நான் போனபோது அண்ணி அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கோபம் போயிருந்தது. "என்னங்க" என்றாள். அவன் வாயைத் திறந்தான். சத்தம் வந்தது, வார்த்தை வரவில்லை. சொல்லுங்க, மெதுவா சொல்லுங்க என்று அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். முந்தின நாள் மத்தியானம் பேசியதுதான் அவன் கடைசியாகப் பேசிய பேச்சு. அதற்குப் பிறகு சளி கட்டியது, மூச்சு முட்டியது. அவள் ராப்பகலாக அவனிடம் பேசிக்கொண்டே இருந்தாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். அப்படியே கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போய்விட்டான்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் அண்ணியைப் புகழ்ந்தார்கள். குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டாள் என்றார்கள், அது பொய்யில்லை. அவனோடு பம்பு ஹவுஸில் வேலை பார்த்தவர் ஒருவர், மைதானத்தில் அந்த உறையைப் பார்த்து அதிகமாகச் சிரித்தவரும் அவர்தான், தரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உங்களை மாதிரி யாராலயும் பார்த்துக்க முடியாதும்மா. ஏணி குடுத்து வெச்சவன்."

"ஒரு நாள் அவர்கூட பேசாம இருந்தேங்க" என்றாள் அண்ணி.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "அட, குடும்பம்னா அதெல்லாம் இருக்கறதுதானேம்மா. எங்க வீட்ல மாசக்கணக்கா நடக்கும்" என்றார்.

"ஏன் பேசமாட்டேங்கறேன்னு அவர் கேக்கவே இல்லைங்க. அன்னைக்குச் சாப்பாடு ஊட்டும்போதெல்லாம் வாயை வாயைத் திறந்தார். நான் பசின்னு நினைச்சுக்கிட்டு ஊட்டிக்கிட்டே இருந்தேன்."